முட்டை இருந்த மரங்கள்

ஜனவரி 9
காட்டை ஊடறுத்துச் சாலை வரப்போகிற தடத்தில் கணக்கெடுப்பு முடிந்தது. நாற்பத்தொரு மரங்களில் முட்டைகள். நகமளவு அந்துப்பூச்சிதான், ஆனால் அரிய வகை; பெண்ணுக்கு இறக்கை கிடையாது. கூட்டைவிட்டு வெளியே வந்து அதன்மேலேயே உட்கார்ந்து, ஆண் தேடிவரக் காத்திருந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். குளிர் முடியும்வரை முட்டைகள் மரத்தில்தான். மரம் போனால் அத்தனையும் போச்சு. நான்கு பக்கம் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். ஆய்வு நிறுவனம் அவளுடையது, பணம் தருவது சாலை போடும் கம்பெனி; ஊழியர்கள் நானும் ஒரு தட்டச்சரும்.

ஜனவரி 16
அறிக்கை அச்சாகி வந்தது. என் நான்கு பக்கம் ஒரே வரியாகியிருக்கிறது: ‘ஆய்வு நாட்களில் அந்துப்பூச்சி எதுவும் தென்படவில்லை.’ கீழே என் பெயர்.

நேரே அவள் அறைக்குப் போனேன்.

“பூச்சி பறந்துச்சா? நீ பாத்தியா?” என்றாள்.

“ஜனவரில எப்படிக்கா பறக்கும்? முட்டையாத்தானே இருக்கும்.”

“அப்ப நான் எழுதினது பொய் இல்லையே.”

ஒன்றும் தெரியாதவள் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இவள் தெரிந்ததை வைத்தே அடித்திருக்கிறாள்.

ஜனவரி 17
காட்டுக்குப் போய், முட்டை ஒட்டிய மரப்பட்டை ஒன்றைப் பெயர்த்து எடுத்துவந்தேன்.

ஜனவரி 20
அம்மா போனில்: “அவ ஆஃபீஸ நடத்தணும்ல. நீதான் கொஞ்சம் விட்டுக்கொடேன்.”

ஜன்னலோரப் படுக்கையை விட்டுக்கொடுத்தேன், சைக்கிளை விட்டுக்கொடுத்தேன் — இப்ப என் பேரையும் கொடுக்கணுமா?

பிப்ரவரி 4
சாலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். எழுந்து நின்றேன்.

“அறிக்கைல இருக்கறது என் பேரு. எழுத்து என்னோடது இல்ல.”

அந்த மரப்பட்டையை மேசைமேல் வைத்தேன். விசாரணை அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: “இது என்னம்மா?”

அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். “முட்டை. முந்நூறு இருக்கும்.”

வாசலில் என்னைத் தாண்டும்போது, “திருப்தியா?” என்றாள்.

இல்லை. இன்னும் கோபம்தான்.

பிப்ரவரி 19
மரம் வெட்ட இடைக்காலத் தடை. வசந்தத்தில் மறு கணக்கெடுப்பு, வேறு நிறுவனம்; அதில் எனக்குத் தற்காலிக வேலை. அக்கா தட்டச்சரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டாளாம். அதற்கும் நான்தான் காரணமாம். அந்த ஒரு வரியை நானா எழுதினேன்?

ஏப்ரல் 22
முட்டைகள் பொரிந்துவிட்டன. கம்பளிப்புழுக்கள் நூல்விட்டுத் தொங்கி, காற்று வந்ததும் அடுத்த மரத்துக்குப் போகின்றன. இறக்கையில்லாதவளின் பிள்ளைகள் இடம் மாறுவது இப்படித்தான்.

எண்ணி முடித்ததும் கை பழக்கத்தில் அக்காவின் எண்ணை அழுத்திவிட்டது. துண்டிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

“எத்தனை மரம்?” என்றாள்.

“அறுபத்தேழு.”

“வடக்கு ஓரம் பாத்தியா?”

பார்க்கவில்லை. நாளை பார்க்க வேண்டும்.