கழித்த ஓர் அடி

பிப்ரவரி 3

இன்று அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறக்கினார்கள். முன்னால் மகள், பின்னால் பட்டறை ஆட்கள் இருவர். நான் என்ன செய்தேன்? என் மனைவியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். தெருவே பார்த்தது. பக்கவாதம் வந்த பிறகு அவள் கீழே வருவது மருத்துவமனைக்கு மட்டும்தான். இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். பயமா என்று கேட்டேன். "பாக்கறவங்களப் பாக்க வேணாம்னுதான்" என்றாள்.

கீழே முழுக்க மோட்டார் பட்டறை. பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஓர் அறையும் கழிப்பறையும் கட்டப்போகிறேன். மழைக்கு முன்னால். முடிவு செய்தாகிவிட்டது.

பிப்ரவரி 6

அனுமதி அலுவலகத்தில் என் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண், "யாரு சார் வரைஞ்சது? சைடுல பாத்தா எப்படி இருக்கும்னு ஒண்ணு வேணும். இதுல கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னே தெரியல" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவன் சிரித்தான்.

எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே வைண்டிங் கற்றவன் நான். எவன் முன்னாலும் கைகட்டி நின்று கற்கவில்லை. இந்த வீடும் நான் கோடு போட்டுக் கட்டியதுதான். இடிந்தா விழுந்துவிட்டது?

உரிமம் உள்ள வரைவாளரிடம் கொடுத்துவிடலாம் என்றாள் மகள். என் வீட்டை அளக்க எனக்கு ஆள் வேண்டுமா? மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 7

என் டேப்பைக் காணோம். மகள் தூக்கிப் போட்டுவிட்டாளாம். "அதுக்குத் தலையே இல்லப்பா." ஆமாம், கிரைண்டரில் சிக்கி முதல் ஓர் அடி வெட்டுப்பட்டுப் போனதுதான். அதனால் என்ன? வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்துக்கொண்டால் தீர்ந்தது. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான் அளக்கிறேன். மஞ்சள் நிறத்தில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். அவளோடு பேசவில்லை.

பிப்ரவரி 9

இடத்தை நானே அளந்தேன். டேப்பின் நுனியை மூலைக் கல்லடியில் வைத்து மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டால் போதும், பிடித்துக்கொள்ள இன்னோர் ஆள் எதற்கு? தெருவோரமாக வேலி வரை பத்திரத்தில் நாற்பது அடி. வருவது முப்பத்தொன்பது. மறுபடி அளந்தேன். முப்பத்தொன்பதுதான்.

பக்கத்து வீட்டு விசில்! ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கோழிகளைக்கூட விசில் ஊதித்தான் கூப்பிடுவார். போன மழையில் சாய்ந்த வேலியை எடுத்துப் புதிது போட்டவர் அவர்தான். "நீங்க எதுக்குச் சிரமப்படணும், நானே பாத்துக்கறேன்" என்று அவ்வளவு தேனாகப் பேசியபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 12

அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். ஏதோ தண்ணீர் இணைப்பு விஷயமாக விசிலும் அங்கே வந்திருந்தார். வசதியாகப் போயிற்று. அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்: "டிக்கெட் குடுக்காம காசு வாங்கின கைதானே, மண்ண மட்டும் விட்டு வைக்குமா?"

அவர் கையிலிருந்த துணிப்பையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். போய்விட்டார். திருடன் எதைப் பேசுவான்?

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பக்கம்தான் சுலபமாகத் திரும்பும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பிப்ரவரி 20

எழுதக் கை வரவில்லை.

பிப்ரவரி 21

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று சர்வேயர் வந்தார். அளந்தார். நாற்பது. நான் விடவில்லை, உங்கள் கருவிதான் தப்பு என்றேன். அவர் பொறுமைசாலி. அப்படியானால் நீங்களே அளந்து காட்டுங்கள் என்றார். தெருவில் பாதிப் பேர் வேலியோரம் நின்றார்கள். விசில் தன் வாசலில், ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அளந்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: முப்பத்தொன்பது.

மகள் குனிந்து பார்த்தாள். "அப்பா, இதுல நாப்பதுன்னுதானே இருக்கு?"

"ஒண்ணு கழிக்கணும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த மஞ்சள் டேப் முழுதும் சுருண்டு உள்ளே போகிறவரை அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. எவ்வளவு நீளம் அது! விசில் கோழியை இறக்கிவிட்டு உள்ளே போனார். கதவை அறைந்து சாத்துவார் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் சாத்தினார்.

பிப்ரவரி 24

வரைவாளரைக் கொண்டு மகளே எல்லாம் வரைந்து முடித்துவிட்டாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் அறை வேலிக்கு மிக அருகில் வருகிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு நேரில் வந்து, தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் அறையைக் குறுக்க வேண்டும் என்றார் அங்கிருக்கும் பொறியாளர் அம்மா.

குறுக்குவோம் என்றேன்.

பிப்ரவரி 26

பட்டறைத் தரையில் சாக்பீஸால் குறுகிய அறையை வரைந்து, சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிப் பார்த்தேன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் திரும்பவில்லை. கட்டிலை மாற்றி வரைந்தேன். அப்போதும் திரும்பவில்லை. கதவை மாற்றினேன். மாடிக்குப் போனதும் இவள் கேட்டாள்: "அவர் வீட்டுக்குப் போகாம இருக்க இன்னும் எத்தன கோடு போடுவீங்க?"

மகள்தான் சொல்லியிருப்பாள்.

மார்ச் 1

விசில் வீடு வரை போனேன். கோழித் தீவனம் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னிடம் கோழி கிடையாது.

மார்ச் 4

மறுபடி போனேன். வாசலில் நின்றேன். அவராகவே ஆரம்பித்தார்.

"என்கிட்ட தனியா வந்து சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க அத என் வீட்ல வந்தா சொன்னீங்க? செக்கிங்ல ஒரு தடவகூட நான் மாட்டினதில்ல, மாட்டறதுக்கு என்கிட்ட எதுவும் இருந்ததில்ல. இப்ப அந்தக் கவுன்டர் பொண்ணு என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்குது. சொன்ன எடத்துல சொல்லுங்க. அங்கயே கையெழுத்துப் போடறேன்."

நியாயம். நியாயம்தான். ஆனால் எப்படி —

மார்ச் 5

மன்னிப்பு என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவளிடம்கூட இல்லை. இந்த வயதில் அதை எந்த வாயால் சொல்வேன்? அப்படியே விட்டுவிட்டால்தான் என்ன? மாடியில் வெளிச்சம் இருக்கிறது, காற்று வருகிறது.

சீ. என்ன எழுதுகிறேன் நான்.

மார்ச் 9

சொல்லிவிட்டேன்.

அதே கவுன்டர், அதே வரிசை. பக்கத்தில் விசில். இவர் மண் எடுக்கவில்லை, தப்பாக அளந்தது நான்தான் என்றேன். டிக்கெட் பற்றிச் சொன்னதும் நானாகக் கட்டியது என்றேன். பாதியிலேயே குரல் இறங்கிப்போனது. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், கேக்கல" என்றாள் அந்தப் பெண். வேண்டுமென்றே சொன்னாளோ, தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வரிசையில் ஒருவர், "பெருசுக்கு என்ன பிரச்சின?" என்று விசாரித்தது கேட்டது.

விசில் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவர் முன்னால், நான் கடைசி இருக்கையில்.

மார்ச் 27

அனுமதி வந்துவிட்டது. வரைபடத்தைக் கட்டிலில் விரித்துக் காட்டினேன். "சைடுல பாத்தா நல்லாத்தான் இருக்கு" என்றாள். இதையும் மகள் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஜூன் 14

இன்று அவளைக் கீழே கொண்டுவந்தோம். தூக்குவது இதுதான் கடைசி. நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்தேன். கண்ணைத் திறந்துகொண்டே இறங்கினாள்.

புது அறையின் ஜன்னல் வேலியைப் பார்த்து இருக்கிறது. திரை போட வேண்டும் என்றாள். டேப்பை எடுத்து ஜன்னலில் வைத்தேன். எண் தெரிந்தது. ஆனாலும் மனசு தானாகக் கழிக்கப் போகிறது. நிறுத்தினால், ஏற்கெனவே கழித்துவிட்டேனோ என்று சந்தேகம். மகள் பட்டறையில் வேலையாக இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் விசில் கோழிக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"கண்டக்டர்" என்று கூப்பிட்டேன். "இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

உடனே வரவில்லை. கூண்டைக் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, வேலியைச் சுற்றி வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நாலே கால்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கழிக்கணுமா?"

எனக்குப் பின்னால் இவள் சிரித்தாள். வாய் கோணுகிறதென்று, நோய் வந்ததிலிருந்து யார் முன்னாலும் சிரிக்காதவள்.

"வேணாம்" என்றேன். நாலே கால் என்று எழுதிக்கொண்டேன்.