கடலட்டைத் தொட்டியும் பௌர்ணமியும்

வரிசை போடாமல் எழுதினால் எனக்குக் குழம்பிவிடும் என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே போட்டுவிடுகிறேன்.

1. இன்று காலை எழுந்த வாடை.
2. பொரிப்பகத்தில் நீ கெடுத்த ஒரு மாலை.
3. உன் வேண்டுதலை நிறைவேற்றாமலே நீ கண்ணை மூடிவிட்டாய் என்பது.
4. உன் மனைவியிடம் நான் என்ன சொல்வது என்பது. இது இன்னும் தெளியவில்லை.

வேங்கிக்கால் வீட்டு மாடித் தொட்டியைக் கழுவ ஆள் வந்திருந்தார். சுவரில் படிந்த பச்சைப் பாசியை அவர் சுரண்டிப் போட்டதும் குப்பென்று ஒரு வாடை. கடலே இல்லாத இந்த ஊரில் நம் பொரிப்பகத்தின் வாடை. மிதந்து திரியும் கடலட்டைக் குஞ்சுகள் வந்து உட்காருவதற்காகப் பாசி பூசிய தகடுகளைத் தொட்டியில் இறக்குவோமே, அதே வாடை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் வேலையை இங்கே யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. "அட்டையக் கண்டா உப்பப் போட்டு ஓட்டுவாங்க. நீங்க இன்னாத்துக்கு வளக்கறீங்க?" என்று உன் மாமனாரே கேட்டார்.

"இது கடிக்காது மாமா. கடலடி மண்ணத் தின்னு சுத்தம் பண்ணிக் குடுக்கும். அள்ளி அள்ளி வித்து ரொம்பக் கம்மியாப் போச்சு. நாங்க பொரிக்க வெச்சுத் திரும்ப கடல்ல விடறோம்" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பி, "நெஜமாவா?" என்றார். ஆம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. விட்டதில் எத்தனை பிழைக்கும் என்று நமக்கே தெரியாத காலம் அது.

பௌர்ணமியை ஒட்டித்தான் தாயட்டைகள் முட்டையிட வாகாக இருக்கும். அந்த மாலைகளில் தண்ணீரைக் கொஞ்சம் சூடேற்றிவிட்டுக் காத்திருப்போம். நீ அடி அண்ணாமலைக்காரன். ஊரே மலை சுற்றும் நாளில் நீ லீவு கேட்டதே இல்லை. வட்டத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பாய். கால் கழுவி வெறுங்காலோடு உள்ளே வருவது அங்கே எல்லோருக்கும் விதி. அதனால் நான் எதையும் வித்தியாசமாக நினைக்கவில்லை. காத்திருக்கும் அலுப்பில் நடக்கிறாய் என்றுதான் எண்ணினேன்.

ஒரு மாலை, ஆண் அட்டை ஒன்று தலையைத் தூக்கி, உடம்பை ஆட்டியபடி வெள்ளையாக விந்து விடத் தொடங்கியது. அது ஜாஸ்தியானால் தண்ணீர் கெட்டுவிடும். உடனே வெளியே எடுத்தாக வேண்டும். பம்ப் அருகிலிருந்து நான் கத்தினேன்.

"உனுக்குப் பின்னாலதான்யா, எடு!"

ஓரடி பின்னால் வந்திருந்தால் கை எட்டியிருக்கும். நீயோ முன்பக்கமாக ஓடி, தொட்டி முழுவதையும் சுற்றிக்கொண்டு வந்தாய். அதற்குள் மற்ற ஆண்களும் தொடங்கிவிட, தண்ணீர் பாலாகிவிட்டது. அந்த மாதத்து முட்டைகள் எல்லாம் போயின.

"கண்ணு தெரியலையா? திரும்பியிருந்தா ஆச்சு!"

"திரும்பக் கூடாதுய்யா."

"எவன் சொன்னான்?"

"வுடு, பழகிப்போச்சு. உன் ஒண்ணு ரெண்டு மூணுல இதையும் சேத்துக்க" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மகள் மல்லிகாவுக்கு மறுபடியும் இழுப்பு. மருந்து நடக்கிறது. குழந்தையில் அவளுக்கு இழுப்பு வந்தபோது, தேறினால் பௌர்ணமிதோறும் மலையை வலம் வருவதாக நீ வேண்டிக்கொண்டாயாமே. உன் மனைவி தனம் சொல்லி நேற்றுத்தான் எனக்குத் தெரியும். நாளை பௌர்ணமி. உனக்குப் பதிலாகத் தனம் கிளம்பத் தயாராக இருக்கிறாள். தேய்ந்துபோன முட்டியை வைத்துக்கொண்டு கடைக்குக்கூடப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"பொண்ணு தேறிட்டா, இவரு கடல் வேலைக்குப் போயிட்டாரு. சாமிக்குக் குடுத்த வார்த்த அப்டியே நிக்குதுண்ணா. அதான் அவளுக்கு மூச்சு வாங்குது. நான் சுத்திட்டு வந்துடறேன்" என்றாள்.

"நடுவுல முட்டி புடிச்சிக்கினா ஆட்டோல திரும்பிடும்மா."

"சுத்த ஆரம்பிச்சா திரும்பக் கூடாதுண்ணா. முழுசா வந்துதான் முடிக்கணும்."

நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று அந்த வாடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நீயும் அவளும் சொன்ன அந்த இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. நீ நடந்தபோதெல்லாம் தொட்டி உன் வலக்கைப் பக்கமே இருந்தது. எதிர்த் திசையில் நீ நடந்து நான் பார்த்ததே இல்லை. சிமென்ட் தொட்டி மலைக்கு ஈடாகுமா? பௌர்ணமியன்று வேலையை விட முடியாதவனுக்கு அப்படி ஒரு வழி உண்டா? தெரியவில்லை. கேட்க நீயும் இல்லை. நானாக முடிச்சுப் போடுகிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. அட்டைகள் முட்டையிட்டது நாம் ஏற்றிய சூட்டாலா, நிலவாலா என்பதையே கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியாதவன் நான்.

ஆனாலும் சட்டையைப் போட்டுக்கொண்டேன். தனம் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். விளக்கிச் சொல்ல எனக்கு வராது. உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது "திரும்பக் கூடாதுய்யா" என்ற அந்த ஒரு பேச்சுதான். அதையும் நீ தொட்டியைச் சுற்றி ஓடியதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். முடிவு அவளுடையது.

கிளம்பும் முன் ஒரு திருத்தம். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.