சிந்திய தீனிக்கும் எடை உண்டு

கிளென்மார்கன்
20.7.2025

அன்பு மகள் சரிதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்குப் பேச நாக்கு எழும்புவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே ஒரு வாரமாக விடாத மழை. அம்மா நனைந்துகொண்டே தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள், சொன்னால் கேட்டால்தானே.

மருந்து ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தபோது, சாப்பிட்டதும் உடம்பில் இன்சுலினோடு கூடவே அமைலின் என்று ஒன்று சுரக்கும், வயிறு நிறைந்ததை அதுதான் மூளைக்குச் சொல்லும் என்றாய். அது சீக்கிரம் கரைந்துவிடுமாம். அதைப் போலவே ஒன்றைச் செய்து, ஒரே ஊசியில் வாரம் முழுக்க நிற்க வைக்கப் பார்க்கிறீர்களாம். இதைக் கொழுந்து எடை போடும் இடத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். என்னைப் போலவே சர்க்கரை உள்ள பாலாமணி, ஊசி எப்போது வரும் என்று வாராவாரம் கேட்கிறாள்.

இப்போது வேலையை விட்டு வருகிறேன் என்கிறாய். மருந்து போடாத எலிகள் கடித்துக் கீழே சிந்திய தீனியையும் தின்றதாகவே எழுதிவிட்டீர்கள், அதனால் மருந்து போட்ட எலிகள் ரொம்பக் குறைவாகத் தின்றதுபோல் மருந்தின் பலன் பெரிதாகத் தெரிந்துவிட்டது. அதை நீயே கண்டுபிடித்துச் சொன்னதில் எட்டு மாத வேலை வீண். கூட இருப்பவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறாய்.

நான் இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து எடை போடுகிறவன். மழை நாளில் தண்ணீருக்கென்று இரண்டு கிலோ கழித்தால் திட்டாத வாய் கிடையாது. உன் அம்மாவே மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். கழிக்காமல் எழுதினால் நல்லவன்தான், ஆனால் ஃபேக்டரியில் இலையை வாட்டும்போது எடை குறைந்து குட்டு உடைந்துவிடும். என் மகள் யாரும் கேட்காமலே கழித்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று பாலாமணியிடம் உள்ளதைச் சொன்னேன். ஊசி தள்ளிப்போகிறதே என்று கோபிப்பாள் என நினைத்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்படின்னா உங்க புள்ள குடுக்கற ஊசிய நம்பிப் போட்டுக்கலாமுங்க" என்றாள்.

ஆகவே வராதே, கண்ணு. பொங்கலுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடை போடு. போன மாதம் சர்க்கரைப் புண்ணால் என் காலில் ஒரு விரலை எடுத்தார்கள். சின்ன விரல்தான், உனக்குச் சொல்லவில்லை. மீதி ஒன்பதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, நிதானமாகச் செய். நன்றாக இரு.

உன் அப்பா
பழனியாண்டி