இரண்டு கோடு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் உங்களுக்குப் போதைச் சோதனை செய்த அந்தக் குச்சியைப் பற்றி நேற்று ஆயர் ஈத்தாம் மருந்துக்கடையில் விசாரித்தேன். இரண்டு கோடு விழுந்தால் உடம்பு சுத்தம் என்று அர்த்தமாம். ஒரே கோடு விழுந்தால்தான் போதையாம்.

பாப்பா வயிற்றில் இருப்பதை இரண்டு கோடு பார்த்துத்தானே தெரிந்துகொண்டேன்? உங்கள் குச்சியில் இரண்டு கோடு விழுந்ததும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

நீங்களும் அன்றைக்குச் சொன்னீர்கள். “ரெண்டு கோடுன்னா கிளீன்மா. பெட்டியில போட்டிருக்கு, படிச்சுப் பாரு லா” என்று வாசலில் நின்று கெஞ்சினீர்கள். பொய் சொல்லிப் பழகிய வாய்தானே என்று உங்கள் துணிப்பையை வெளியே எறிந்தேன். பதினான்கு மாதம் போதையைத் தொடாமல் இருந்தவர், அந்த வாரமே மறுபடி தொட்டீர்கள். ஆக, நான் நான்கு நாள் முந்தித் துரத்திவிட்டேன், அவ்வளவுதான்.

மறுவாழ்வு இல்லத்திலிருந்து தைப்பூசத்துக்கு வெளியே விடுவார்கள், பாப்பாவைத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு அழைத்து வா என்று எழுதியிருக்கிறீர்கள். அழைத்து வர மாட்டேன்.

அப்பா நம்மை ஏமாற்றிவிட்டார் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதை இனி மாற்றிச் சொல்வதாகவும் இல்லை. நம் இருவரில் ஒருவரையாவது அவள் நம்ப வேண்டாமா?

பாப்பாவின் அம்மா