இரண்டாம் முறை கேட்பாள் என்று

1994 நவம்பர் 13, ஞாயிறு.

பனிச்சறுக்குக்குத் தொடை பலக்க வேணுமாம். ஆறு கிழமையாகத் தினமும் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் இருக்கிறேன். தொப்பை இறங்கியதைப் பார்த்துக் கோயிலில், "சீனி வருத்தமோ அண்ணை?" என்று, நீரிழிவே வந்துவிட்டதுபோல், துக்கம் விசாரித்தார்கள்.

கோடையில் மகள்தான், "அப்பா, பனிச்சறுக்குக்கு நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள். "எனக்கேன் பிள்ளை, ஏலாது" என்றேன். கேட்டவுடன் ஓம் சொல்லுகிற ஆட்களா நாங்கள்? இரண்டாம் முறை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

இன்று வந்தாள். சிநேகிதிகளோடு போக எல்லாம் புக் பண்ணியாச்சாம்.

"நீங்கள் ஏலாது எண்டீங்கள்தானே, அப்பா?"

"ஓம் ஓம், என்ர முழங்காலுக்கு அது சரிவராது" என்று சிரித்தேன்.

அவள் போன பிறகு மாடிப்படி ஏறினேன். பாழாய்ப்போன முழங்கால், கொஞ்சமும் நோகவில்லை.