கஞ்சி வாசனைக் கார்

எத்தனை தடவை கழுவினாலும் உன் கார் கஞ்சி வாசனைதான் அடிக்கிறது. இன்று காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வாசலில் போய்க் கதவைத் திறந்தேன். உன் மகன் குமரன் வாங்கி மாட்டிவிட்டுப் போன எலுமிச்சை சென்ட் எங்கே போனதோ தெரியவில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டுப் பாவு நூல் விறைக்கப் போடும் அரிசிக் கஞ்சி, அதுவும் கொஞ்சம் புளித்த கஞ்சி, நேராக மூக்கில் ஏறியது. உன்னைத் திட்டத்தான் வாயெடுத்தேன். பக்கத்து சீட்டில் நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, எனக்கு இந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

ஆனால் உட்கார்ந்து அழுவதற்காக இதை எழுதவில்லை. இன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ கேட்கிறாயா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டேன். நீ உயிரோடு இருந்தபோது மட்டும் பார்த்தேனா என்ன?

நாம் முதலில் பேசிக்கொண்டது காஞ்சிபுரம் செவிலிமேட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில். நான் நீலச் சட்டையும் பேண்ட்டும் போட்டு, கழுத்தில் அட்டை தொங்க, கார் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். நீ இடுப்பில் குழந்தையைப் போலப் பாவு மூட்டையை அணைத்துக்கொண்டு, ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவுக்காக நின்றாய். வெட்கமே இல்லாமல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாய்.

"இன்னா வேலைமா உனுக்கு, பேண்ட்டு சட்டை போட்டுக்கினு?"

காருக்குள் வயர் மாட்டுகிற வேலை என்றேன். எந்த நிற வயர் எந்த ஓட்டை வழியாகப் போய் எதில் சேர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மாட்ட வேண்டும், ஒன்று மாறினாலும் வண்டி நகராது என்று பெருமையாக விளக்கினேன். நீ சிரித்தாய். "அப்ப நீயும் இழை கோக்கறவதான்" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உன்னைப் பிடித்துப் போயிற்று.

உன் வேலை எனக்குப் புரியச் சில நாள் பிடித்தது. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், அச்சின் பல்லுக்குள்ளும் விழுதின் கண்ணிக்குள்ளும் கோத்திருக்கிற பழைய இழைகளை யாரும் உருவி எறிவதில்லை. அவற்றின் நுனியை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பார்கள். சேர்த்து முடித்து இழுத்தால், பழைய இழை காட்டிய வழியிலேயே புதுசு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வீடு வீடாகப் போய் அப்படிப் பிணைத்துக் கொடுப்பது உன் பிழைப்பு. இழை வழுக்காமலிருக்க விரலில் தொட்டுக்கொள்ளும் சாம்பலை ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பாய்.

சாயங்காலம் பஸ் இறங்கி வந்தால் கம்பெனிக் கதை கேட்பாய். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை நான் உனக்குச் சொல்வேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் ஒருவர் ஆரம்பித்தது, குதிரை வண்டிக்காரர்கள் சிரித்தது, அப்புறம் அவர்களே வரிசையில் நின்று கார் வாங்கியது, இரண்டு பெரிய யுத்தங்களைத் தாண்டி வந்தது, உலகத்தில் பாதி ஊர்களில் தொழிற்சாலை போட்டது. எவ்வளவு பழைய கம்பெனி தெரியுமா என்று நான் கண்ணை உருட்டினால், "எங்க ஏகாம்பரநாதர் கோயிலு வயசுக்கு இது நேத்து போட்ட கடை மாதிரி இருக்குது" என்பாய். ஆனால் மறுநாள் கதையை விட்ட இடத்திலிருந்து சரியாக எடுத்துக் கொடுப்பதும் நீதான்.

உனக்கு விளையாட்டு, எனக்கு அப்படி இல்லை. என் அம்மா அடுத்தவர் நிலத்தில் களை பிடுங்கி எங்களை வளர்த்தவள். அந்த வீட்டுப் பெண் தலையில் தொப்பியும் காலில் பூட்ஸும் போட்டுக்கொண்டு அத்தனை பெரிய கேட்டுக்குள் போனாள். காவலாளி முனுசாமி அண்ணன், அட்டையைப் பார்த்ததும் எங்களுக்கும் மேனேஜருக்கும் ஒரே மாதிரி சல்யூட் அடிப்பார். அந்த சல்யூட்டுக்காகவே நான் லீவு போட்டதில்லை.

நீ கார் வாங்கிய கதையை எழுதாமல் விட முடியாது. ஷேர் ஆட்டோவில் மழைச் சாரல் அடித்து ஒரு பாவில் அரக்குச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்ட அன்று, இனி மூட்டையை அடுத்தவன் வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று சபதம் போட்டாய். பாவு சுமக்க யாராவது கார் வாங்குவார்களா என்று உன் தெருவே சிரித்தது. எங்கள் கம்பெனி ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அரக்கு நிறம்தான் வேண்டும், பார்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று விற்பனைக்காரப் பையனைத் திணறடித்தாய். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி, இதில் உன் வேலை எது என்று என்னைக் கேட்டாய். பேட்டரிக்குப் பக்கத்தில் வளைந்து போகும் வயர்க் கட்டைக் காட்டினேன். "சரி, இதையே குடுங்க" என்றாய். வேறு எதையும் நீ பார்க்கவில்லை. நான் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நீ வைத்தாய், கண்ணாடியில் சிலுவை நான் மாட்டினேன். இரண்டும் சண்டை போடாமல் இருந்தன. நாம்தான் போட்டோம், முக்கியமாக நீ எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்த நாட்களில். இன்று நான் பள்ளி வேன் ஓட்டிச் சாப்பிடுகிறேன் என்றால் அந்தச் சண்டைகள்தான் காரணம்.

வேன் ஓட்ட வேண்டி வந்தது ஏனென்றால், கம்பெனி போய்விட்டது. நஷ்டம், கடையைக் கட்டுகிறோம் என்று ஒருநாள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம், கத்தினோம், பிறகு வீட்டுக்கு வந்தோம். என் வாசலில் நீ காரை நிறுத்தி, என்னை உள்ளே உட்காரவைத்து, தாமல் ஏரிக்கரை வரை ஓட்டிக்கொண்டு போனாய். கரையில் நிறுத்திவிட்டுச் சொன்னாய்.

"அவங்க போவட்டும்டி எஸ்தரு. வண்டி நம்பளுது."

கொஞ்ச நாளில் அந்த ஷோரூமே பட்டுப்புடவைக் கடையாக மாறிவிட்டது. கார் நின்ற கண்ணாடிக்குள் முகூர்த்தப் புடவை கட்டிய பொம்மை நின்றது. நீ தெருவிலேயே காரை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய், கடைசியில் ஜெயித்தது நம் ஆள்தான் என்று. பின்னால் நின்ற பஸ்காரர் திட்டியதும் உன் காதில் ஏறவில்லை.

அனாதையான வண்டிகளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் ஒன்று கூடினார்கள். வேலூர் வாத்தியார் ஒருவர் கதவு மூடும் சத்தத்தையே பத்து வரி புகழ்வார். இன்னொருவர் சர்வீஸுக்கு அழுத செலவைச் சொல்லிப் புலம்பிவிட்டு, ஆனாலும் ஹைவேயில் இந்த வண்டி மாதிரி தரையைப் பிடித்துக்கொண்டு போவது வேறெதுவும் இல்லை என்று முடிப்பார். ஒருவர் கிளட்ச் கேட்டால் இன்னொருவர் மதுரையிலிருந்து பார்சல் அனுப்புவார். நீ எழுத மாட்டாய், குரலில்தான் அனுப்புவாய். எங்கள் வண்டியில் நாலு பாவு, ஒரு அச்சு, சண்டை போடுகிற இரண்டு பொம்பளைகள் போகிறோம், உங்கள் வண்டியில் என்ன போகிறது என்று நீ கேட்டதற்கு அந்தக் குழுவே ஒரு வாரம் சிரித்தது.

அப்படி இருந்த நீதான் ஒருநாள் அந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்தாய். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தபோது மழை இறங்க, ஈரப் பாவையும் கஞ்சிக் குண்டானையும் அள்ளிக் காரில் போட்டாய். குண்டான் கவிழ்ந்தது. நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டாய். மறுநாள் வைகாசித் திருவிழாக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டது, கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஊருக்கெல்லாம் கருட சேவை, எலிகளுக்குக் கஞ்சித் திருவிழா. கஞ்சி தீர்ந்ததும் வயருக்குப் போய்விட்டன. திருவிழா முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட இல்லை. உலகத்தில் வேறு எந்தக் கார்க்காரியும் இப்படி வண்டியைக் கெடுத்திருக்க மாட்டாள்.

மெக்கானிக் அன்வர் பாய் நல்ல மனிதர், சுற்றிவளைக்காமல் சொன்னார். முழு வயர்க் கட்டையும் மாற்ற வேண்டும், கம்பெனியே இல்லாதபோது கட்டுக்கு எங்கே போவது, வேறு வண்டி பாருங்கள் என்றார். வேலூர் வாத்தியாரும் கைவிரித்தார். நீ பானெட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்தபோது உன் முகத்தில் எனக்குப் பழக்கமான அந்தப் பிடிவாதம் வந்திருந்தது.

"உள்ள போற பக்கம் நல்லாத்தானே இருக்குது? நுனியை ஏன் புடுங்கணும்? கடிச்ச எடத்துல புதுசைப் பிணைச்சுக்கினா போவுது."

அன்வர் பாய் என்னைப் பார்த்தார். எந்த நிறம் எங்கே போக வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும், கம்பெனி போனாலும் அது போகவில்லை. நான் நிறம் சொன்னேன், நீ இரண்டு நுனியையும் முறுக்கினாய், அன்வர் பாய் ஈயம் வைத்துப் பற்றவைத்து உறை மாட்டினார். முறுக்கினால் மட்டும் போதும் என்று நீ சண்டைக்கு வந்தாய், அடுப்பில் வைத்த மாதிரி சூடாகிற இடம், ஈயம் இல்லாமல் நிற்காது என்று அவர் விடவில்லை. பழக்கத்தில் நீ சாம்பல் டப்பாவைத் திறந்து விரலில் தொட்டுக்கொண்டாய். செம்புக் கம்பிக்கு எதற்கடி சாம்பல் என்றேன், உன் வேலையைப் பார் என்றாய். ஒரு வாரம் அந்தப் பட்டறையே தறிக்கூடம் மாதிரி ஆயிற்று.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினேன், வண்டி எழுந்தது. நீ ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஆரனை அழுத்தினாய். சத்தம் வரவில்லை, வைப்பர் ஆடியது. மறுபடியும் அழுத்தினாய், மறுபடியும் ஆடியது. அன்வர் பாய் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். நிறத்தைத் தப்பாகச் சொன்னது நான்தான் என்று நானும், மாற்றி முறுக்கியது நீதான் என்று நீயும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் சரிசெய்தபோது நீ ஒரு ஆசை சொன்னாய். பதினைந்து வருஷம் முடிந்து வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிற அன்று, நேராக என் கம்பெனி கேட்டுக்குப் போய் ஆரன் அடிக்க வேண்டும்.

அதற்குள் நீ மாரடைப்பில் போய்விட்டாய். நன்றாக இருந்த மனுஷி, ஒரு மத்தியானத்தில். எனக்கு உன்மேல் இன்னும் கோபம்தான்.

குமரன் தங்கமான பிள்ளை, ஆனால் சென்னையில் பேட்டரிக் கார் ஓட்டுகிறவன். ஆண்ட்டி, பதினைந்து வருஷ வண்டி, எந்த இன்ஸ்பெக்டர் பாஸ் போடுவார், ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிடலாம் என்றான். ஒரு தடவை நான் காட்டிப் பார்க்கிறேன், தேறினால் எனக்கு, தேறாவிட்டால் நீ சொன்னபடி என்றேன். வண்டியை என் பேருக்கு மாற்றிக் கொடுத்தான். உன் காரை நொறுக்கக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு அந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போவேன்?

இன்று காலை ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கு போடச் சொன்னார், எரிந்தது. இடது, வலது, பிரேக் லைட், எல்லாம் எரிந்தன. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ஆரன் என்றார். ஏசுவே, ஏகாம்பரநாதா என்று இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு அழுத்தினேன். ஆபீஸ் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. பிறகு அவர் பானெட்டைத் திறந்து அந்த வயர்க் கட்டையைப் பார்த்தார். உறை மாட்டிய மூட்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, பாவு மாதிரியே வரிசையாகப் போயின.

"யாரும்மா பண்ணது இது?"

"பாவு பிணைக்கிறவங்க சார். நானும் கூட இருந்தேன்."

அவர் ஒரு பிணைப்பை இழுத்துப் பார்த்தார். இன்னொன்றை இழுத்தார். கம்பெனியே இல்லாத வண்டியாயிற்றே என்று தனக்குள் பேசிக்கொண்டார்.

"கம்பெனி இல்லேன்னா இன்னா சார், வண்டி இருக்குதே" என்றேன். என் வாயில் வந்தது உன் குரல்.

அவர் சிரித்துக்கொண்டே தேறிவிட்டது என்றார். நான் குமரனுக்குப் போன் செய்தேன், குழுவில் குரல் போட்டேன், உன்னை மாதிரியே எழுதவில்லை. வேலூர் வாத்தியார் அழுதே விட்டார்.

அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன். கேட் துருப்பிடித்து, உள்ளே புல் முளைத்துக் கிடந்தது. ஓரக் கொட்டகையில் முனுசாமி அண்ணன் இன்னும் காவலுக்கு இருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் காரைக் கேட்டுக்கு முன்னால் நேராக நிறுத்தி, கையை எடுக்காமல் ஆரனை அழுத்தினேன். அவர் யார் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் ஓடிவந்து பூட்டைத் திறந்து, இரண்டு கதவையும் விரியத் தள்ளி, சல்யூட் அடித்தார். அப்புறம்தான் கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வயரிங் லைன் எஸ்தரு தானேமா? நம்ப வண்டியா இது?"

நம்ப வண்டிதாண்ணா என்றேன். உனக்காக இன்னொரு தடவை ஆரன் அடித்தேன். வைப்பர் ஆடவில்லை.

திரும்பும் வழியில் டேஷ்போர்டைத் திறந்து உன் சாம்பல் டப்பாவை எடுத்தேன். விரலில் கொஞ்சம் தொட்டுக்கொண்டுதான் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன், இனி எப்போதும் அப்படித்தான் பிடிப்பேன். ஜன்னல்களை ஏற்றிவிட்டுக் காஞ்சிபுரம் வரை வந்தேன். இந்தக் கஞ்சி வாசனையை இனிமேல் நான் கழுவப் போவதில்லை.