கறுப்பும் சிவப்பும்

அம்மா,

கானாவின் அக்ராவிலிருந்து நஃபுலாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இரவில்தான் வீட்டு நினைப்பில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

பயிற்சிக்குச் சேர்ந்த டிசைன் ஆபீஸில் ஒரு வேடிக்கை. துணிக்கடை கோர்கோர் அம்மாளின் பிறந்தநாளுக்கு நான் போஸ்டர் செய்தேன். நம் கென்யக் கொடியின் கறுப்பும் சிவப்பும், நடுவில் அவர் முகம் பெரிதாக. ஒட்டிய அன்றே அவர் வீட்டு வாசலில் துக்கம் விசாரிக்கக் கூட்டம். இங்கே அவை சாவு நிறங்களாம்.

"நான் உசுரோட இருக்கேன்னு எத்தன பேருக்குடி சொல்லுவேன்?" என்று ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

முதலாளி சிரித்துக்கொண்டே, "உனக்கு இதுதான் கைவருது. இனிமே சாவு போஸ்டரெல்லாம் நீயே பண்ணு" என்றார். வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள். தினமும் அதைத்தான் செய்கிறேன்.

நம் ஊர்த் தேயிலை கொஞ்சம் அனுப்புங்கள்.

நேற்று உங்கள் படத்தை என் கம்ப்யூட்டர் திரையில் வைத்தேன். பக்கத்து மேசை எசி மெல்ல என் தோளைத் தொட்டு, "உங்கம்மா எப்போ தவறுனாங்க?" என்று கேட்டாள்.

என்னைத் திட்டி ஒரு ஆடியோ அனுப்புங்கள், அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். முதலாளி கூப்பிடுகிறார். சத்தமாகத் திட்டுங்கள் அம்மா.

நஃபுலா